ஆவரங்கோட்டைக் கையெழுத்து

1926 நவம்பர் 8, திங்கள்

நேற்று லான்மடாவில் பவுனம்மாள் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை. தாலியைக் கையில் எடுக்கும் நேரம் பார்த்து நான் போய் நடுவில் நின்றுகொண்டேன். முதலில் கையெழுத்து, அப்புறம் தாலி என்றேன். பெண்ணின் மாமன் முறைத்தான். முறைக்கட்டும், அவன் யோக்கியதை எனக்குத் தெரியாதா? மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு போட்டுவிட்டான். இது முப்பத்தொன்றாவது.

எங்கள் மாதர் சபைத் தாளில் இருப்பது ஒரே வரிதான். "ஆவரங்கோட்டை மகாராஜாவைப் போல நானும் இந்த ஒருத்தியைத் தவிர வேறொரு பெண்ணோடு குடும்பம் நடத்த மாட்டேன்." அதற்கு ரங்கூன் முழுக்க ஆவரங்கோட்டைக் கையெழுத்து என்றே பேர் விழுந்துவிட்டது. அந்த ராஜாவின் தாத்தாவுக்கு ஐந்து மனைவிகள், அப்பாவுக்கு மூன்று. இவர் ஏழு வருஷத்துக்கு முன்னால், மணவறையில் குலதெய்வத்தின் வாளைத் தொட்டு, கமலாட்சி நாச்சியாரைத் தவிர இன்னொரு பெண்ணைத் தீண்ட மாட்டேன் என்று சத்தியம் செய்தார். பத்திரிகையெல்லாம் எழுதியது. ராஜாவும் ராணியும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் வர்ணப் படம் லான்மடாவிலிருந்து தின்கன்ஜூன் வரை தமிழர் வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. என் வீட்டிலும்தான். ஊரில் ஒருத்தி, இங்கே ஒருத்தி என்று இருக்கிற இந்த ஆண்களுக்குக் காட்ட வேறு என்ன இருக்கிறது நம்மிடம்?

கையெழுத்துத் தாள்கள் எல்லாம் என் தகரப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. முதல் தாள் என் வீட்டுக்காரர் இவருடையது. நாலு வருஷத்துக்கு முன்னால் சபை தொடங்கிய அன்றே, "எம் பொஞ்சாதி உத்தரவு" என்று சிரித்துக்கொண்டே போட்டார். நேற்று கல்யாணத்துக்கு இவர் வரவில்லை. துறைமுக ஆபீசில் ஒன்றரை வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சிரியத்தில் டியூட்டி போட்டுவிடுகிறார்கள். லாஞ்சில் ஆற்றைத் தாண்டிப் போனால் சாயங்காலம்தான் வீடு.

பெரிய சமாசாரத்தைக் கடைசியில் எழுதுகிறேன். ராஜாவும் ராணியும் அடுத்த வாரக் கப்பலில் வருகிறார்கள். ராஜா வருஷா வருஷம் அரிசி மில் விஷயமாக இங்கே வந்து மூன்று மாசம் தங்குகிறவர்தான். ராணியம்மாள் வருவது இதுவே முதல் தடவை. 28ஆம் தேதி நம் சபைக் கூட்டத்துக்கு இரண்டு பேரும் வரச் சம்மதித்துக் கடிதம் வந்திருக்கிறது. கடிதத்தை நாலு தரம் படித்துவிட்டேன்.

நவம்பர் 17, புதன்

துறைமுகத்தில் கூட்டம் தாங்கவில்லை. நான்தான் மாலை போட்டேன். படத்தில் இருப்பதைவிட ராணியம்மாள் கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் குள்ளம், நூறு மடங்கு லட்சணம். ராஜா படத்தில் இருப்பது போலவே இருக்கிறார்.

"நீதானா தாயி அந்தத் தைலம்மா? எம் பேரச் சொல்லி ஆம்பளைகள வெரட்டுதியாமே" என்று ராணியம்மாள் என் கன்னத்தைத் தட்டினார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. எனக்கு வாய் அடைத்தது என்றால் இவர் நம்ப மாட்டார்.

அவருக்குப் பர்மா பாஷை ஒரு சொல் வராது. நான் இங்கேயே பிறந்தவள், கடைத்தெருப் பேச்சு நன்றாக வரும். வெள்ளிக்கிழமை ஒரு பட்டுக் கடைக்குத் துணைக்கு வா என்றிருக்கிறார்.

நவம்பர் 19, வெள்ளி

மறக்காமல் இருக்க எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

ராஜா ஒவ்வொரு வருஷமும் ஊர் திரும்பும்போது ராணிக்கு ஒரு பர்மாப் பட்டு கொண்டுபோவாராம். அலை அலையாக நெய்தது. அதில் ராணி ரவிக்கை தைத்துப் போட்டுக்கொள்வாராம். "இத எடுக்கும்போது அவுக மனசுல நாந்தான இருந்திருப்பேன்? அந்தக் கடையில நா ஒரு தடவ நிக்கணும்" என்றார் வண்டியில் போகும்போது. கல்யாணமாகி ஏழு வருஷம், இன்னும் பேச்சில் அந்தக் கூச்சம். குழந்தை இல்லை என்ற குறைகூட முகத்தில் தெரியவில்லை.

கடைக்காரி டோ மியா. டோ என்றால் நம் அம்மாள் மாதிரி, வயசான பர்மாப் பெண்களுக்குப் போடும் மரியாதை. அறுபது வயசிருக்கும், வாயில் சுருட்டு. ராணியம்மாள் போட்டிருந்த பச்சை ரவிக்கையைப் பார்த்ததும் சுருட்டை எடுத்துவிட்டு எழுந்தாள். தன் கடைப் பட்டு என்று கண்டுகொண்டாள்.

"மயாஜீயா?" என்று என்னைக் கேட்டாள்.

மயா என்றால் மனைவி. ஜீ என்றால் பெரிய. எங்கள் வட்டாரத் தலைவரை லூஜீ, பெரிய மனிதர் என்றுதான் அப்பா கூப்பிடுவார். எவ்வளவு மரியாதை பாருங்கள் இந்தப் பர்மாக்காரிக்கு என்று பூரித்துப்போய்ச் சொன்னேன்: "பெரிய ராணியம்மாவான்னு கேக்கறாங்கம்மா."

ராணி சிரித்தார். "ஆமான்னு சொல்லு."

சொன்னேன். டோ மியா ராணியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் வருஷா வருஷம் ராஜா ஒரே நிறத்தில் இரண்டு பட்டு எடுப்பார் என்றாள். அதையும் சொன்னேன். "ரெண்டா? எனக்கு ஒண்ணுதான வரும்" என்றார் ராணி. நான் உடனே, "இன்னொண்ணு உங்க குலதெய்வத்துக்குச் சாத்தறதுக்கா இருக்கும்மா" என்றேன். ராணியின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அப்படித்தான் இருக்கும். அவுக சொல்லிக்கிட மாட்டாக" என்றார்.

டோ மியாவுக்கு மட்டும் முகம் தெளியவில்லை. கிளம்பும்போது ஒரு பட்டுக் கைக்குட்டையைக் காசு வாங்காமல் ராணியின் கையில் வைத்து மூடினாள்.

நவம்பர் 20, சனி

இவரிடம் பட்டுக் கதையைச் சொன்னேன். "ம்" என்றார். கூட ஒரு வார்த்தை பேசினால் முத்து உதிர்ந்துவிடும்.

நவம்பர் 22, திங்கள்

அடுப்பை அணைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து எப்படி வந்தாலும் வரட்டும்.

மத்தியானம் பக்கத்து வீட்டு ஃபக்ருன்னிசா லாத்தா வந்திருந்தார். அவர் அத்தா கீழக்கரை, அம்மா பர்மாக்காரி. இரண்டு பாஷையும் அவருக்குத் தாய்ப்பால். பெருமையடித்துக்கொள்ளத்தான் கடையில் நடந்ததைச் சொன்னேன். மயாஜீ என்று சொன்னவுடன் லாத்தா வெற்றிலை மடிப்பதை நிறுத்திவிட்டார்.

"என்னா புள்ள சொன்னே? அத அந்தம்மாகிட்டயே சொன்னியா?"

"பெரிய ராணின்னு சொன்னேன் லாத்தா. மரியாதையாத்தானே கேட்டாங்க."

"மரியாதையாம் மரியாத. ஒருத்தி மட்டும் இருந்தா அவ வெறும் மயா. மயாங்கேன்னு ஒருத்தி இருந்தாத்தான் புள்ள இவ மயாஜீ. மூத்தவளான்னு கேட்டிருக்கா."

மயாங்கே. சின்ன மனைவி.

லாத்தா சொல்லிக்கொண்டே போகிறார். சிரியத்தில் வீடு. அந்தப் பெண் பேர் மா கின். ஆறு வருஷமாக. இரண்டு பிள்ளைகள், பெரியவன் ராஜாவை உரித்து வைத்திருக்கிறானாம். லாத்தாவின் அம்மா வீட்டுப் பக்கம் எல்லாருக்கும் தெரியுமாம். "உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். தெரிஞ்சுதான் ஆம்பளைகளக் குத்திக் காட்டறேன்னு நெனச்சேன்."

ஆறு வருஷம் என்றால் கல்யாணமான மறுவருஷம். வாளைத் தொட்ட கை ஈரம்கூடக் காயவில்லையே. அந்த மனுஷன் பேரைச் சொல்லி நான் முப்பத்தொரு கையெழுத்து வாங்கியிருக்கிறேன். குலதெய்வத்துக்குச் சாத்தினாராம் பட்டு. அதை யார் சொன்னது? நான். என் வாய்தான் சொன்னது. அந்தம்மா சந்தேகப்பட்டுக் கேட்டப்போ நான் பூ வெச்சு மூடிட்டேன்.

நவம்பர் 23, செவ்வாய்

இவரிடம் கேட்டேன். காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"ராஜாவுக்கு சிரியத்துல குடும்பம் இருக்காமே?"

தம்ளரைக் கீழே வைக்கவில்லை. "யார் சொன்னா?" என்றார். இல்லை என்று சொல்லவில்லை.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"துறைமுகத்துல தெரியாதவன் யாரு தைலு. அவர் போற லாஞ்ச்லதானே நாங்களும் போறோம்."

"அப்ப அன்னைக்குத் தாள்ல கையெழுத்துப் போடும்போதே தெரியுமா? அதுக்குத்தான் சிரிச்சீங்களா?"

"சொன்னா நீ தாங்குவியா? அந்தப் படத்தக் கும்புட்டுக்கிட்டு இருந்தே" என்று மென்று முழுங்கினார்.

இப்போதுதான் ஒவ்வொரு முகமாக ஞாபகம் வருகிறது. முப்பத்தொரு பேரில் எத்தனை பேர் துறைமுகத்து ஆட்கள்? எத்தனை பேர் உதட்டைக் கடித்துக்கொண்டு பேனாவை வாங்கினார்கள்? நான் அதைக் கூச்சம் என்று நினைத்தேன். "ஆவரங்கோட்டை மகாராஜாவைப் போல" என்று எழுதிக் கொடுத்தேனே, அவர்களும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தாளில் கையெழுத்துப் போட்ட சின்னத்தம்பியின் கல்யாணத்தில் இரண்டு பேர் தோளில் தட்டிக்கொண்டு சிரித்தது ஏன் என்று இப்போது தெரிகிறது.

ஏதோ எனக்கு வாய்த்தவர் அந்தக் கூட்டத்தில் சேர்த்தியில்லை. அந்த ஒரு ஆறுதலில்தான் சோறு வடித்தேன்.

நவம்பர் 24, புதன்

ஞாயிற்றுக்கிழமை முந்நூறு பெண்கள் முன்னால் அந்தம்மாள் மேடையில் உட்காருவார். பின்வரிசையில் ஆண்கள் சிரிப்பார்கள். சொல்லாமல் விட்டால் நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தவள்தான். சொன்னால்? அந்தக் கூச்சம் மறுபடி அந்த முகத்தில் வருமா?

நவம்பர் 25, வியாழன்

சொல்லிவிட்டேன்.

ராஜா வெளியே போயிருந்தார். மில்லுக்கு என்றார் ராணியம்மாள். கண்டோன்மென்ட் பங்களாவில் அவரும் நானும்தான். என்ன சொல்லி ஆரம்பிப்பதென்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை. "அம்மா, அன்னைக்குக் கடையில நான் தப்பா மொழிபெயர்த்துட்டேன்" என்றேன்.

"என்ன தப்பு?"

"மயாஜீன்னா பெரிய ராணி இல்லம்மா. மூத்தாள்."

அவர் கையிலிருந்த வெற்றிலையின் நரம்பை மெதுவாக உரித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"எளையவளுக்கு என்ன சொல்லுவாக?"

"மயாங்கே."

"மயாங்கே" என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். அப்புறம், "பிள்ள இருக்கா?"

"ரெண்டு."

இதற்குத்தான் முகம் உடைந்தது. சத்தம் இல்லை. முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். என் குலம் விளங்காமல் போகட்டும் என்று என்னையே திட்டிக்கொண்டு நானும் அழுதேன். யார் யாரைத் தேற்றுவது? அந்தப் பச்சை ரவிக்கைதான் இன்றைக்கும் போட்டிருந்தார். அதன் கையைத் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டே இருந்தார்.

"கூட்டத்துக்கு வர வேண்டாம்மா. உடம்பு சரியில்லன்னு நான் சொல்லிக்கறேன்" என்றேன்.

ராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒன் சபைத் தாள்ல என்ன எழுதியிருக்கு? படி" என்றார். படித்தேன். ஆவரங்கோட்டை மகாராஜாவைப் போல என்று படிக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"இதுல அவுக கையெழுத்து இருக்கா?"

"இல்லம்மா. அவங்க பேர்லதான் மத்தவங்க போடறாங்க. அவங்ககிட்ட யார் கேப்பாங்க."

"நா கேக்கேன்" என்றார். "புதுத் தாள் ஒண்ணு எழுது. அவுகளப் போலன்னு போடாத. அவுக பேரையே போடு."

நவம்பர் 28, ஞாயிறு

இவர் இன்றும் சிரியம் போய்விட்டார். ராஜா வரும் நாளில்கூட லீவு கேட்க மாட்டாரா இந்த மனுஷன்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. ராஜா அரைமணி நேரம் பேசினார். இல்லற தர்மம், தமிழ்ப் பெண்களின் கற்பு. என்ன குரல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இப்போதும் நம்பத் தோன்றும். பின்வரிசையில் ஆண்கள் நெளிந்து நெளிந்து சிரித்தார்கள். இத்தனை நாளும் கண்ணில் படாதது இன்றைக்கு நன்றாகப் பட்டது.

அப்புறம் ராணி எழுந்தார். மூன்று வாக்கியம்தான் பேசினார்.

"எங்களப் பாத்து நீங்க ஒங்க புருசமாருகிட்டக் கையெழுத்து வாங்குதீக. எம் புருசங்கிட்ட மட்டும் ஒருத்தரும் வாங்கல. அது மொறையில்ல, தாளக் கொண்டா தாயி."

பின்வரிசையில் சத்தம் நின்றது. நான் தாளையும் பேனாவையும் கொண்டுபோய் ராஜா முன்னால் வைத்தேன். அவர் ராணியை ஒரு கணம் பார்த்தார். தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் சத்தியமாகச் சொல்வேன், கை நடுங்கும் என்று எதிர்பார்த்தேன். எழுந்து போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். ராணியும் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். அது நடந்திருந்தால் ராணிக்கு அவர் மேல் ஏதோ கொஞ்சம் மதிப்பு மிச்சமிருந்திருக்கும்.

ராஜா புன்னகைத்தார். தாளை ஒழுங்காகத் திருப்பி வைத்துக்கொண்டார். பட்டப்பேர் எல்லாம் விடாமல் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டார். ஒரு எழுத்து கோணவில்லை. மண்டபமே கை தட்டியது.

ராணி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. சாட்சிக்கு என்னையும் லாத்தாவையும் கையெழுத்துப் போடச் சொன்னார். மை காயும்வரை நின்று, தாளை மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். "சபைக்கு நகல் எழுதிக்கோ. இது எங்கிட்ட இருக்கட்டும்."

நவம்பர் 30, செவ்வாய்

ராணியம்மாள் மட்டும் கப்பல் ஏறிவிட்டார். ராஜாவுக்கு மில் வேலை பாக்கியாம். ஏணிப்படிக்கு முன்னால் என்னைத் தனியே கூப்பிட்டார். கோபிப்பார் என்று நினைத்தேன், கோபிக்கவில்லை.

"இனிமே யாருக்கும் எடுத்துச் சொல்லும்போது அழகாச் சொல்லாத தாயி. உள்ளதச் சொல்லு."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சுதான் காதில்.

1927 ஜனவரி 14, வெள்ளி

பொங்கல். வெள்ளையடிக்கும்போது படத்தைக் கழற்றினேன். தூக்கிப் போட்டால் ராணியம்மாளும் சேர்ந்து போவார். அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 16, செவ்வாய்

ஊர்ப் பத்திரிகை வந்தது. ராணியம்மாள் அரண்மனையை விட்டு வெளியேறி, தனி வீட்டுக்கும் ஜீவனாம்சத்துக்கும் வழக்குப் போட்டிருக்கிறார். வாளைத் தொட்டுச் செய்த சத்தியத்துக்குச் சாட்சி கேட்டால் ஒருத்தரும் முன்வரவில்லையாம். அரண்மனைச் சோறு தின்றவர்கள் எப்படி வருவார்கள்? ராணியின் வக்கீல் நம் தாளை எடுத்து வைத்திருக்கிறார். ரங்கூனில், முந்நூறு பேர் முன்னிலையில், தேதியோடு. அது ஏதோ பெண்கள் சபை விளையாட்டு என்று ராஜா தரப்பில் சொன்னார்களாம். கையெழுத்து உங்களுடையதுதானா என்று ஜட்ஜ் கேட்டதற்கு ஆமாம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

நான் சத்தம் போட்டுப் படித்தேன். லாத்தா இரண்டு தரம் படிக்கச் சொன்னார். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

செப்டம்பர் 11, ஞாயிறு

தீர்ப்பு ராணி பக்கம். எழுதிக் கொடுத்தது எழுதிக் கொடுத்ததுதான் என்று சொல்லிவிட்டாராம் ஜட்ஜ். அழுகையும் சிரிப்புமாக வந்தது.

செப்டம்பர் 13, செவ்வாய்

சின்னத்தம்பி வந்தான். "அக்கா, அந்தத் தாள்ல என் பேர்ல ஒரு எழுத்து தப்பு. கொஞ்சம் குடுங்க, திருத்திட்டுத் தரேன்" என்றான். என் காதில் பூச் சுற்றுகிறான். போடா என்று அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் இன்னும் இரண்டு பேர்.

செப்டம்பர் 16, வெள்ளி

இதுவரை பதினோரு பேர் வந்து கையெழுத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். ஒருவன் தாளில் கரப்பான் அரித்திருக்கும், புதிதாக எழுதித் தருகிறேன் என்கிறான். லாத்தா விழுந்து விழுந்து சிரிக்கிறார். வந்து கேட்கிறவன் பேரை மட்டும் குறித்து வை புள்ள, வேற விசாரணையே வேணாம் என்கிறார். குறித்து வைத்திருக்கிறேன். ஒவ்வொருவன் பெண்டாட்டியிடமும் சொல்லப் போகிறேன், அழகாக இல்லாமல்.

செப்டம்பர் 18, ஞாயிறு

இவர் இன்றைக்கு சிரியம் போகவில்லை. டியூட்டி இல்லையா என்றேன். உடம்பு சரியில்லை என்றார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை.

சாப்பிட்டுவிட்டுக் கை நீட்டினார், நான் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"தைலு, அந்தத் தகரப் பெட்டிச் சாவி எங்க வெச்சிருக்கே?"

"எதுக்கு?"

"சும்மாத்தான். பெட்டி துருப் பிடிச்சிருக்கும், எண்ணெய் போடலாம்னு."

செம்பு காலியான பிறகும் சாய்த்துப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறேன். அவர் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. பெட்டியை லாத்தா வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். ஏன் என்று லாத்தா கேட்கவில்லை. கேட்காதது எனக்குப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 19, திங்கள்

இவர் ஆபீசுக்குப் போனதும் லாஞ்ச் ஏறி சிரியம் போனேன். படித்துறையில் மீன் விற்றுக்கொண்டிருந்தவளிடம், இவர் பேரைச் சொல்லி, துறைமுக ஆபீஸ் ரெங்கசாமி வீடு எது என்று பர்மா பாஷையில் கேட்டேன். கையை நீட்டிக் காட்டினாள், பச்சைக் கதவு. அப்புறம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"மயாஜீயா?" என்றாள்.

மரியாதையாகத்தான் கேட்டாள். ஆமாம் என்றேன்.